மைலோட்டின்ட சாக்கு

ரதியைப் பற்றிச் சங்க மேடையில ஒருத்தரும் பேச மாட்டினம். அதனால நான் எழுதிறன்.

கொட்டாஞ்சேனையில எங்கட வத்தையில அவ எனக்குப் பக்கத்து வீடு. ஒட்டின சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவா ஒரு பைப். ஹட்டன் பக்கமிருந்து சின்ன வயசில கொழும்புக்கு வந்தவ. புதுக்கடையில, வழக்கு நடக்கிற கோட்ஸுக்குக் கிட்ட ஒரு லோண்ட்ரியில லோயர்மாரின்ட கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேர்ட்டும் தோய்ச்சு, அயர்ன் பிடிச்சே தலை நரைச்சது. கலியாணம் கட்டேல்ல. ஏன் எண்டு கேட்டவனுக்கு, "அவன் சட்டையையும் நான்தான் தேய்க்கணும்" எண்டு சொல்லிப் போட்டுப் போனவ.

தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்க லோண்ட்ரிக்குப் போய்த்தான் எனக்கு அவவைப் பழக்கம். நோட்டீஸ் ஒண்டை நீட்டினன். வாங்கினா, விரிச்சா, அயர்ன் பிடிச்சுத் திருப்பித் தந்தா.

"கசங்கிக் கெடந்துச்சுங்க தோழர். இப்ப குடுங்க, வாங்குவாங்க."

கடைசி வரைக்கும் சங்கத்தில சேரேல்ல. ஸ்ட்ரைக் எண்டா மட்டும் முதல் ஆளா ரோட்டில நிப்பா. அப்பிடி ஒரு பிறவி.

மைலோட் லோண்ட்ரி வாசலில வந்து சேர்ந்த நாய். கறுப்பு உடம்பு, கழுத்தடியில மட்டும் வெள்ளை. கோட்ஸில ஜட்ஜைக் கூப்பிடுற 'மை லோட்' எண்ட பேரை லோண்ட்ரிப் பெட்டையள் அவனுக்கு வச்சிட்டாளுகள். காலையில ரதியோட வேலைக்குப் போவான், பின்னேரம் ரதியோட வருவான். ரெண்டு பேரும் ஒரே நாளில வேலையை விட்டவை.

இப்ப அவனுக்குக் கண் தெரியாது. ரெண்டும் நீலம் கரைச்ச தண்ணி மாதிரிக் கலங்கிப் போச்சு. காதும் சரியில்லை. ஆனா பின்னேரங்களில அவனைப் பாக்கவேணும். ஹாபர் பக்கமிருந்து காத்து வரும். கொடியில ரதியின்ட துணியள் ஊதிப் படுக்கும், திரும்ப ஊதிப் படுக்கும். எங்கையோ ஒரு கப்பல் மாடு மாதிரிக் கத்தும். வாசலுக்கு உள்ள, தன்ட சாக்கில கிடந்து மைலோட் நித்திரையில காலடிப்பான். அவன்ட முதுகில கையை வச்சுக்கொண்டு ரதியும் அரைக் கண்ணில இருப்பா.

"எங்க ஓடுறான்?" எண்டு கேட்டா, "புதுக்கடைக்குங்க தோழர். லேட்டாயிருச்சு போல" எண்டுவா.

அப்பிடி ஒரு பின்னேரம்தான் சொன்னா.

"இப்பல்லாம் படுத்தா இவன் மூச்சத்தான் கேட்டுக்கிட்டு கெடக்கேன். அது நின்னுருச்சுன்னா அந்த வீட்டுக்குள்ள நான் என்னத்தக் கேக்கிறது?"

த்ரீவீல் ஓடுற ரொனியிட்ட பதில் இருந்தது. அவன்ட நாய் குட்டி போட்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுப் பாருங்க அக்கா. கிழவன் சேர்க்காட்டி நான் எடுத்துக்கொண்டு போறன். வத்தளையில ஒராள் கேட்டுக்கொண்டு இருக்கிறான்."

குட்டி வாற அண்டைக்கு ரதி வீட்டைக் கழுவினா. கழுவினா எண்டா, லோண்ட்ரிக்காரி கழுவுற மாதிரி. நிலம், சுவர், கதவு நிலை, பாய், தலகாணி உறை எல்லாத்துக்கும் சோப்பும் மருந்துத் தண்ணியும். மைலோட்டின்ட சாக்கையும் அவிச்சு, காயப்போட்டு, அயர்ன் பிடிச்சா.

"சாக்குக்கும் அயர்னா அக்கா?" ரொனி சிரிச்சான். "மடிப்புக் குலைஞ்சா மைலோட் கேஸ் போடுவானா?"

"விருந்தாளி வருதுல்லடா. வாய மூடிக்கிட்டு குட்டிய குடு."

மண்ணிறக் குட்டி. உள்ளங்கை ரெண்டுக்குள்ள அடங்கும். வீட்டுக்குள்ள விட்ட கொஞ்ச நேரத்தில, சுத்தப் போயிருந்த மைலோட் வந்தான். வாசலில நிண்டான். மூக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டினான். திரும்பிப் போய் ரொனியின்ட த்ரீவீலுக்குக் கீழ படுத்திட்டான். கூப்பிட்டும் வரேல்ல. சோறு வச்சும் மூக்கை வைக்கேல்ல. அடுத்த நாளும் அதே கதைதான்.

பொறாமை எண்டு வத்தையே தீர்ப்புச் சொல்லிச்சு. நானும் சொன்னன்.

"பழைய ஆள் இருக்கேக்க கேக்காமல் கெஷுவலில புது ஆள் எடுத்தா இப்பிடித்தான். ரெண்டு பேரையும் பொது இடத்தில வச்சுப் பேச்சுவார்த்தை நடத்தவேணும்."

"நீங்க பேச ஆரம்பிச்சா லோண்ட்ரியில நின்னுக்கிட்டே தூங்குவோம் தோழர். அவனயும் தூங்க வச்சுராதீங்க" எண்டா ரதி. ஆனா சிரிக்கேல்ல. கண் வீங்கி இருந்தது.

எண்டாலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு வந்தா. மழை தூறி விட்டிருந்த நேரம். மைலோட்டையும் கூட்டிக்கொண்டு வந்து விட்டம். கிழவன் குட்டியைத் தலையில இருந்து வால் வரைக்கும் மணந்தான். குட்டி அவன்ட காதைக் கடிச்சுத் தொங்கிச்சு. அவன் ஒரு பெருமூச்சு விட்டுப்போட்டு அப்பிடியே படுத்தான். குட்டி அவன்ட வயித்துக்குள்ள சுருண்டிச்சு. பைப் சொட்டிக்கொண்டு இருந்தது. அந்தச் சத்தத்தில ரெண்டும் நித்திரையாப் போச்சு.

எனக்கு வெக்கமாப் போச்சு. இவங்களுக்குள்ள பிரச்சினையே இல்லை.

ரதி மெதுவாக் குட்டியைத் தூக்கி வீட்டுக்கு நடந்தா. மைலோட் முழிச்சு, குட்டியின்ட மணத்தைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வந்தான். வாசல் வரைக்கும் வந்தான். அங்க நிண்டான். திரும்ப அந்த மூக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

ரதி அவனைப் பாத்துக்கொண்டே நிண்டா. பிறகு தன்ட உள்ளங்கையை மணந்து பாத்தா.

"லோண்ட்ரியில ஒவ்வொரு துணியிலயும் ஓரமா ஒரு மார்க் போடுவோம் தோழர். யாரு துணின்னு தெரியணும்ல. அது வெளுத்துப் போச்சுன்னா அம்புட்டுத்தான். நல்ல கோட்டா இருக்கும், ஆளில்லாம மூலையில கெடக்கும்." கதவு நிலையைத் தடவினா. "கண்ணு தெரியாதவனுக்கு நான் வீட்டோட மார்க்கயே கழுவிட்டேன். இது யாரு வீடுன்னு நிக்கிறான்."

குட்டியோட உள்ள போய்க் கதவைச் சாத்தினா. திறக்கேக்க சீலை கட்டி இருந்தா. காலையில இருந்து போட்டிருந்த ஹவுஸ்கோட், வேர்வையோட, கருவாட்டுக் குழம்புக் கறையோட கையில இருந்தது. அயர்ன் பிடிச்ச சாக்கை உதைச்சுத் தள்ளிப்போட்டு அந்த இடத்தில அதை விரிச்சா.

அந்த நேரம் பாத்து குட்டி வாசல்படிக்கு உள்பக்கமா மூத்திரம் பெய்ஞ்சது. ரதியின்ட கை தானாத் துணிக்குப் போச்சு. அத்தனை வருஷப் பழக்கம். போன கை பாதியில நிண்டது. கையைச் சீலைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு சுவரோட சாஞ்சு இருந்திட்டா.

மைலோட் கழுத்தை நீட்டி அந்த ஈரத்தை மணந்தான். ஒரு காலை உள்ள வச்சான். நிண்டான். மற்றக் காலையும் வச்சான். பிறகு மூக்கை நிலத்தோட இழுத்துக்கொண்டு போய் ஹவுஸ்கோட்டைக் கண்டுபிடிச்சான். முகத்தை அதுக்குள்ள புதைச்சான். சுத்தினான், திரும்பச் சுத்தினான், படுத்தான். குட்டி உருண்டு போய் ஒட்டிச்சு.

ரதி மூச்சு விடாமல் அவங்கட மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தா.

ஞாயித்துக்கிழமை பின்னேரம் ரொனி குட்டியை எடுக்க வந்தான். கப்பல் ஒண்டு கத்தினது. வீட்டுக்குள்ள கிழவன் நித்திரையில காலடிச்சுக்கொண்டு இருந்தான். பக்கத்தில ஒரு சின்னக் காலும் அடிச்சுக்கொண்டு இருந்தது. ரதி உதட்டில விரலை வச்சா.

ரொனி மூக்கைப் பொத்தினான். "என்ன அக்கா, வீடு நாறுது?"

"நாறட்டும்டா" எண்டா ரதி, கண்ணைத் திறக்காமலே. "வத்தளைக்காரனுக்கு வேற குட்டி பாரு."