அடித்து அணைத்த சூடம்

என் அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அவரை ஊரறியக் குடிகாரர் ஆக்கியது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன். என் பெரியப்பா.

நாங்கள் இருப்பது கருணாபுரத்தில். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இங்கே ஒருவன் இளைத்தாலும் குடி, இருமினாலும் குடி. அப்பாவுக்குக் கழுத்தில் கட்டிகள் வந்தன. இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்தது. பெரியப்பா அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், தெருவே பார்க்கச் சூடம் ஏற்றினார்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு அடிச்சி சத்தியம் பண்ணுடா. எல்லாம் வத்திப்பூடும்."

அடித்தால் குடித்தவன், அடிக்காவிட்டால் இன்னும் குடிக்கிறவன். அண்ணன் பேச்சைத் தட்டாத அப்பா உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தார். அதன்பின் அவரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கட்டியில் ஒன்றை வெட்டியெடுத்துச் சோதித்த டாக்டரம்மா, நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கணினியில் காட்டினார். நோயில்லாத நிணநீர் முடிச்சுக்குள் அறை அறையாகத் தெரியுமாம். அப்பாவுடையதில் எல்லாம் அழிந்து, சாமையைக் கொட்டினாற்போல் ஒரே மாதிரி சின்னச் சின்ன உருண்டை அணுக்கள். ரத்தத்திலும் அவைதான், சோதனைக் கண்ணாடியில் தேய்க்கும்போதே நசுங்கிச் சில வெறும் கறையாகக் கிடந்தன.

"கட்டியில ஜாஸ்தியா இருந்தா லிம்போமா, ரத்தத்துல ஜாஸ்தியா இருந்தா லுக்கீமியா. ரெண்டும் ஒரே புத்துநோய்தான். பாக்க முழுசா வளர்ந்த வெள்ளணு மாதிரி இருக்கும். உருப்படியா வேலை செய்யாது, சாக வேண்டிய நேரத்துல சாகவும் சாகாது."

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது.

"குடியால வந்ததுங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்போதைக்கு மருந்தும் வேணாம். கவனிச்சுக்கிட்டே இருப்போம்."

நானும் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

போன ஆடியில் பெரியப்பா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கும் ஒரு கட்டி கீதும்மா. எந்த டாக்டராண்ட காட்னீங்க?"

"சொல்றேன் பெரிப்பா. முதல்ல கோயிலாண்ட வாங்க."

அதே இடத்தில் சூடம் ஏற்றினேன். குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து சூழ்ந்தார்கள்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு அடிங்க."

"நான் எப்பம்மா குடிச்சேன்?" என்றார் அடிக்குரலில்.

"எங்கப்பா எப்ப குடிச்சாரு?"

கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடித்தார். உடனே டாக்டரம்மா இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன். என் வயிறு குளிர்ந்தது. அப்பாதான் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியப்பாவுக்கு வந்தது வெறும் கொழுப்புக் கட்டியாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுவாரம் குழாயடியில் ஒருத்தி சொன்னாள்: "பெரியவரு குடிய வுட்டுட்டாராமே! இத்தினி நாளா நமக்குத் தெரியவே இல்ல பாரேன்."

நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.