கையால் பெய்த மழை

பாலர் வகுப்பு டீச்சர் அந்த வாரம் நடத்த வேண்டிய பாடம் மழை. சுவரில் மாட்டிய படத்தில் மேகம் இருந்தது, குடை இருந்தது, குடைக்குக் கீழே ஒரு வாத்தும் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த வாண்டுகள் பிறந்த பிறகு ஊரில் சொல்லிக்கொள்ளும்படி மழையே பெய்ததில்லை. வாத்து எல்லோருக்கும் பிடித்துப்போனது. மழையை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

"மழைன்னா ஷவர் மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள் வாயாடி. வகுப்பு ஆயா அவளுக்கு வைத்த பெயர் அது.

"அதைவிடப் பெருசு. ஊரு முழுக்க விழும்."

"அப்ப யாரு மூடுவாங்க?"

டீச்சர் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்தால் காற்று. ஒற்றை விரலால் தட்டினால் தூறல். இரண்டு கையாலும் தொடையில் அடித்தால் கொட்டும் மழை. காலால் தரையை உதைத்தால் இடி. கொஞ்ச நேரத்தில் வகுப்பு அமளிதுமளிப்பட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அது டீச்சர் தன் மகளுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு. இடி என்றாலே வீறிட்டு அழுத மகள் இப்போது தூர தேசத்தில் நர்ஸ். அங்கே ஓயாத மழை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மகள் போன் செய்தபோது டீச்சர் சொன்னாள்: "போனை ஜன்னல்கிட்ட வை. பசங்க கேக்கட்டும்."

ஸ்பீக்கரில் மழை சடசடத்தது. பிள்ளைகள் சோற்றுக் கையோடு கேட்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, வாயாடி தொடையில் தட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மறுமுனையில் மகளுக்கு அந்தத் தட்டல் கேட்டது.

"அம்மா, இது நம்ம மழைதானே?"

"நம்மளோடதுதான்டி."

"இங்க மழை வந்தா, ஐயோ பஸ் லேட்டாகுமேன்னுதான் இருக்கும்மா. வேற எதுவும் தோண மாட்டேங்குது."

"லீவு கிடைச்சா ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

"பாக்கறேம்மா."

அந்தப் 'பாக்கறேம்மா'வின் அர்த்தம் டீச்சருக்குத் தெரியும்.

ஊருக்கு மழை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். டீச்சர் வாசலுக்கு ஓடிவந்தாள். தெருவே வெளியில் நின்று சிரித்தது. அவளுக்கு மட்டும் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. முதல் சொட்டு மூக்கில் விழும்போது அந்த வாண்டு முகங்கள் எப்படி ஆகுமோ, அதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்று "பாரு, பாரு" என்று சொல்ல ஒரு சின்னக் கைகூட அவள் கையில் இல்லை. தலை முழுக்க நனைந்த பிறகுதான் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு அவளைச் சூழ்ந்தார்கள். வாயாடி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"குளிரும்னு நீங்க சொல்லவே இல்ல."

"மறந்துட்டேன்டா கண்ணு. வேற எப்படி இருந்துச்சு? நீ சொல்லு, நான் கேக்கறேன்."

டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாயாடி அவள் மடியில் ஏறிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.