பத்தாவது தேறாதவர்கள் தேவை

நான் வேலை பார்த்த வால்வுத் தொழிற்சாலை, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. காலையில் அஸ்தினாபுரத்தில் பஸ் பிடித்து, குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவேன். பர்சனல் டிபார்ட்மென்ட்டில் உதவியாளர் உத்தியோகம். லீவு, மெமோ, கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பொது மேலாளர் பம்பாய்க்கு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். நல்ல மனிதர். ஆனால் பம்பாய் போய்விட்டு வந்தால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார். அதற்கு முந்தைய தடவை, எல்லோரும் காலையில் பத்து நிமிஷம் கைகால்களை நீட்டி மடக்க வேண்டும் என்று வந்தது. இந்தத் தடவை சமூக சேவை. "தொழிலாளிங்க தாங்களாவே போய் ஊருக்கு ஏதாவது செய்யணும். அது நம்ம கம்பெனியோட ரத்தத்துல கலக்கணும்" என்றார். உடனே ஒரு சர்க்குலர் போடச் சொன்னார்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். 'அனைவரும் தாமாகவே முன்வந்து சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தவறாமல் ஆஜராக வேண்டும்.' எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பத்தாவது நிமிஷம் சங்கச் செயலாளர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், தாமாவே முன்வர்றதுக்கு சர்க்குலர் எதுக்கு? வரலைன்னா மெமோ உண்டா?"

நான் உள்ளே போய்க் கேட்டேன். "சேச்சே, மெமோ எல்லாம் கிடையாது. யார் வந்தாங்க, யார் வரலைன்னு நான் மனசுல மட்டும் வச்சுப்பேன்" என்றார் பொது மேலாளர். அதை நான் அப்படியே வெளியே வந்து சொல்லிவிட்டேன். மெமோவை விட அது பயங்கரமாக வேலை செய்தது. சனிக்கிழமை மொத்தத் தொழிற்சாலையும் ஸ்டேஷன் ரோட்டில் மரம் நட வந்து நின்றது. வாங்கி வைத்திருந்த கன்றுகளோ கொஞ்சம். ஒரு கன்றை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். எட்டாவது ஆள் ஏழாவது ஆளின் முழங்கையைப் பிடித்திருந்தார். திங்கட்கிழமை நான் ரயிலிலிருந்து இறங்கி வரும்போது, ஓர் ஆடு கடைசிக் கன்றைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த டீச்சர் வந்தார். சிட்லபாக்கம் பக்கத்தில் பார்வையற்ற பெண்கள் தங்கிப் படிக்கிற ஒரு சின்னப் பள்ளி இருந்தது. அங்கே பாடம் நடத்துகிறவர். நன்கொடை கேட்க வந்திருப்பார் என்று நினைத்து, பொது மேலாளர் காபி சொன்னார்.

"நன்கொடை வேண்டாம் சார். பரீட்சை எழுத ஆள் வேணும். எங்க பசங்க வாயால பதில் சொல்லுவாங்க. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் பேப்பர்ல எழுதணும். மார்ச்சுல பத்தாவது பரீட்சை வருது. ஒவ்வொரு வருஷமும் ஆள் கிடைக்காம திண்டாடறோம்."

பொது மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவுதானே? என்கிட்ட இருபது இன்ஜினியர் இருக்காங்க. நானே வரேன். நான் எம்.டெக்."

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "படிச்சவங்க வேண்டாம் சார்."

"என்னது?"

"எழுதறவங்க, எழுதச் சொல்ற பசங்களைவிடக் கம்மியாப் படிச்சிருக்கணும். அது ரூல். இல்லாட்டி இவங்களே பதிலைச் சொல்லிக் குடுத்துட்டா? அதனால பத்தாவது பாஸ் பண்ணாதவங்கதான் வேணும்."

அந்தத் தொழிற்சாலையில் தகுதி அதிகம் என்பதற்காக எங்கள் பொது மேலாளரை ஒருவர் வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்து, "உங்க ஃபைல்ல ஃபெயில் ஆனவங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்றார்.

என் ஃபைலில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் 'எஸ்.எஸ்.எல்.சி.' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் பாஸா ஃபெயிலா என்று யாரும் எழுதவில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? இரண்டு நாள் யோசித்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு.' அதைப் படித்தவர்கள், தங்களுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல வேகமாக நகர்ந்து போனார்கள். ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை.

எட்டாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு லேத் ஆபரேட்டர் வந்தார். நாற்பது வயசிருக்கும். தொழிற்சாலையிலேயே கை சுத்தமான வேலைக்காரர். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே பேசினார்.

"மேடம், ஒரு மேட்டரு. வெளிய சொல்லிடக் கூடாது. நான் டென்த்து பெயிலு. மூணு தபா. வூட்ல யாருக்கும் தெரியாது. பொண்ணு பாக்கப் போனப்பவே பாஸுன்னு சொல்லிகினு போய்ட்டாங்க எங்கப்பா."

"உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே" என்றேன்.

"அது தெரியும் மேடம். அந்தப் பசங்களுக்கு கண்ணு இல்ல. எனக்கு எழுத வருது. சும்மா இருந்தா ஒரு மாதிரி கீது."

மறுநாள் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்து, அதற்கு மேல் ஒரு ரப்பர் பேண்டு. கணக்கில் அவர் வாங்கியிருந்த மார்க்கை நான் பார்க்காத மாதிரி காட்டிக்கொண்டேன்.

வெளியே சொல்லவில்லை என்றாலும் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. அவரே போயிருக்கிறார் என்றதும் ஒவ்வொருவராக வந்தார்கள். பாயிலரில் வேலை செய்தவர் வந்தார், பேக்கிங் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சங்கச் செயலாளரும் வந்தார். அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"மேடம், நான் செகண்ட் கிளாஸ்ல பாஸ். ஏதாவது பண்ண முடியுமா?"

ஒன்றும் பண்ண முடியவில்லை.

கேன்டீனில் கையெழுத்துத் தேர்வு வைத்தோம். நான் பேப்பரைப் பார்த்து வாசிக்க, அவர்கள் எழுத வேண்டும். பொது மேலாளரும் சும்மா ஒரு ஆசைக்கு உட்கார்ந்து எழுதினார். டீச்சர் எல்லாத் தாள்களையும் பார்த்து, அவருடையதை மட்டும் தனியே எடுத்து வைத்து, "இவர் வேண்டாம்" என்றார். அது யாருடைய தாள் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் சனிக்கிழமைகளில் பள்ளியில் பயிற்சி தொடங்கியது; நானும் கூடப் போவேன். லேத் ஆபரேட்டருக்குக் கிடைத்தது பதினாறு வயசுப் பெண் ஒருத்தி. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு இருப்பாள். பேச்சில் ஹெட்மிஸ்ட்ரஸ் தோற்றுப் போவார். முதல் நாள் வரலாற்றுக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். இவர் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் அவள் நிறுத்தினாள்.

"அண்ணா, நான் மூணு வரி சொன்னேன். பேனா சத்தம் ஒரு வரிக்குத்தான் கேட்டுச்சு."

ஆபரேட்டர் என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். "மேட்டரு இதானம்மா. அதான் சுருக்கமா போட்டேன்."

"சுருக்கமா போட்டா மார்க்கும் சுருக்கமாதான் வரும். நான் சொல்றதை அப்படியே எழுதுங்கண்ணா."

"இப்பதான் தெரியுது, நான் ஏன் மூணு தபா பெயிலானேன்னு" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வரி எழுதுங்க" என்றாள்.

பொது மேலாளருக்கும் ஒரு வேலை கிடைத்தது. பாடப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்ட யாரானாலும் போதும். அவர் பள்ளிப் படிப்பெல்லாம் டெல்லியில். தமிழ் பேசுவார், ஆனால் படிக்கும்போது எழுத்தெழுத்தாகத் தடவித் தடவித்தான் போவார். ஒரு நாள் பத்துப் பெண்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பீரமான குரலில் வாசித்தார்: "கரிகாலன் கள்ளனைக் கட்டினான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "எந்தக் கள்ளனை சார்? கயிறாலயா?" என்றது.

அன்றைக்கு அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். கல்லணை என்று நான் திருத்துவதற்குள் அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வராவிட்டாலும், "அந்த சார் வரலையா?" என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். பாடம் ஞாபகம் நிற்க அவர் வாசிப்புதான் நல்லது என்று டீச்சர் சொன்னார். அவரும் டைரியில் இரண்டாம் சனிக்கிழமை எதிரில் வேறு எதையும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பரீட்சையின் முதல் நாள் கம்பெனி வேனில் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போனது, கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று போனது. அப்போதும் திறக்கவில்லை. வேனுக்குள் இருந்த எங்கள் ஆட்கள், பரீட்சைக்குப் பதில் சொல்லப் போகிற பெண்களைவிட அதிகமாகப் பதறினார்கள். பாயிலர்காரர் இரண்டு தடவை இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். லேத் ஆபரேட்டர், "இருபத்தஞ்சு வருசம் கழிச்சு மறுபடியும் நானே பரீட்சைக்குப் போற மாதிரி கீது மேடம்" என்றார். பொது மேலாளர் தானே இறங்கிப் போய்க் கேட் கீப்பரிடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். கேட் கீப்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரக்கு ரயில் ஒன்று போன பிறகுதான் திறந்தார். எப்படியோ மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

முடிந்து வெளியே வந்த ஆபரேட்டர் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தார். "கை ஒடிஞ்ச மாதிரி கீது. லேத்துல எட்டு மணி நேரம் நின்னாலும் இப்டி வலிச்சது இல்ல. அந்தப் பொண்ணு மூச்சு வுட வுடல மேடம்." அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "அண்ணா ஒரு வரிகூட விடலை" என்றாள் டீச்சரிடம். அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பி, வேன் டிரைவரிடம் எதையோ கேட்டார்.

கணக்குப் பரீட்சைக்கு மட்டும் அவர் வர மறுத்துவிட்டார். "என் கை பட்டா ராசி இல்ல" என்று, அன்றைக்கு வேறு யாருக்கும் எழுத வேண்டியிராத பாயிலர்காரரை அனுப்பினார்.

அடுத்த வருஷம் நான் சர்க்குலர் எதுவும் போடவில்லை. ஜனவரியிலேயே வந்து, "எப்ப ஆரம்பிக்கறாங்க?" என்று கேட்டார்கள். மார்ச் மாத ஷிஃப்ட் போடும்போது ஃபோர்மேனே பரீட்சை அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டார். ஃபெயில் என்ற வார்த்தைக்கு எங்கள் தொழிற்சாலையில் தனி மரியாதை வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம், "நீ பாஸுப்பா, உன்னால என்ன பிரயோஜனம்" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத்தில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு, பத்தாவதில் ஃபெயில் என்றான். "வெரி குட், கையெழுத்து எப்படி?" என்றார் பொது மேலாளர். அந்தப் பையன் வெளியே வந்து, "உள்ள இருக்கறவரு கிண்டல் பண்றாரா மேடம்?" என்று என்னிடம் கேட்டான்.

சிக்கல் லேத் ஆபரேட்டருக்குத்தான் வந்தது. லேத் பிரிவை மேற்பார்க்கிற சார்ஜ்ஹேண்ட் பதவி காலியானது. அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். "தனியா எழுதிடுங்க" என்றேன். "பாஸாயிட்டா பத்தாவது பசங்களுக்கு எழுத வுட மாட்டாங்களே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு வாரம் தூங்காமல் யோசித்திருக்கிறார். கடைசியில் அந்தப் பெண்தான் முடிவு செய்தாள். அவள் அப்போது பிளஸ் ஒன். "அண்ணா, எனக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ. பத்தாவது பாஸ் பண்ணவங்க எனக்கு எழுதலாம். நீங்க முதல்ல பாஸ் பண்ணிட்டு வாங்க."

எழுதினார். கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறினார். "நல்லதாப் போச்சு மேடம், இந்த வருசம் ரெண்டு பசங்களுக்கு வாக்கு குட்த்துட்டேன்" என்று நிம்மதியாகச் சொன்னார். நாங்கள் விடவில்லை. இன்ஜினியர்கள் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தத் திட்டத்தில் கிடைத்த ஒரே வேலை அதுதான் என்பதால், ஒருவர் மீது ஒருவர் விழுந்து சொல்லிக் கொடுத்தார்கள். அக்டோபரில் தேறினார். சந்தோஷத்தில் கேன்டீனுக்கே மைசூர்பாகு வாங்கிவந்தவர், வீட்டுக்கு என்ன சொல்லி எடுத்துப் போவது என்று தெரியாமல் முழித்தார். மனைவியைப் பொறுத்தவரை அவர் கல்யாணத்துக்கு முன்பே பாஸ். சார்ஜ்ஹேண்ட் உத்தரவு வரும்வரை ஒரு பொட்டலம் மைசூர்பாகு என் மேஜை டிராயரில் காத்திருந்தது.

பிளஸ் டூவுக்கு அவர்தான் எழுதினார். அவள் நல்ல மார்க் வாங்கிக் காலேஜில் சேர்ந்தாள். காலேஜ் பரீட்சைகளுக்கு இன்னும் ஆள் வேண்டும், பத்தாவது பாஸானவர்களும் எழுதலாம் என்று அவள் சொல்லி அனுப்பியபோது, சங்கச் செயலாளர் அன்று மாலையே புதுப் பேனா வாங்கிவிட்டார்.

சில வருஷம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மற்றக் கிளைகளிலும் இதைக் கொண்டுவர வேண்டுமாம். "இதை எப்படி உங்க கலாசாரமா மாத்தினீங்க? கொள்கை அறிக்கை இருக்கா?" என்று கேட்டார்கள். பொது மேலாளர் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். அதில் மரம் நட்ட போட்டோவும், பரீட்சை அட்டவணைகளும், கையெழுத்துத் தாள்களும்தான் இருந்தன. அவர்கள் திருப்தியில்லாமல் போனார்கள். ஒரு மாதத்தில் அழகாக அச்சடித்த படிவங்கள் வந்து சேர்ந்தன. பெயர், பிரிவு, சேவை செய்த மணி நேரம், கற்றுக்கொண்ட பாடம், மேலதிகாரியின் கருத்து.

அந்த இரண்டாம் சனிக்கிழமை, வேன் கிளம்பும் நேரத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். சார்ஜ்ஹேண்ட் வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பேப்பரு நல்லா தடிமனா கீது மேடம். பயிற்சிக்கு ஆவும், இன்னொரு கட்டு குடுங்க" என்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினார்.