செம்மண்டலத்துப் பரணில் ஒரு பாய்லர்

"மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்று யாராவது யாரையாவது புகழ்ந்தால் எனக்கு இப்போதெல்லாம் சுருக்கென்று கோபம் வருகிறது. அப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். ஒன்று சிதம்பரத்தில் இருந்த என் அப்பா வீடு. இன்னொன்று நான் வாழப் போன கடலூர் செம்மண்டலம் வீடு. இரண்டுக்கும் நடுவே போக்கும் வரத்துமாக இருந்தது ஒரு செம்புப் பாய்லர்.

பாய்லர் என்றதும் டீக்கடையில் நிற்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கேஸ் அடுப்பின் மேல் தூக்கி வைக்கிற அளவுதான். இரண்டு பக்கமும் பிடி இருக்கும். நடுவில் மேலும் கீழும் திறந்த ஒரு குழாய். அடுப்புத் தீ அதற்குள் ஏறிப் போவதால் சுற்றியிருக்கிற தண்ணீர் மளமளவென்று சுட்டுவிடும். அடியில் பித்தளையில் ஒரு திருகு குழாய். கொதிக்கிற பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துத் தூக்குகிற வேலை இல்லை. வாளியைக் கீழே வைத்துத் திறந்துவிட்டால் போதும்.

அதை வாங்கியது அம்மா. அப்பா காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லில் சூப்பர்வைசர். காலையில் டவுன் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் தலையெல்லாம் தவிடாகத் திரும்பி வருவார். நெல்லுச் சுணை கழுத்திலும் முதுகிலும் ஏறி அரிக்கும். சுடுதண்ணீர் பட்டால்தான் அடங்கும். இருமலும் அப்படித்தான். சூடாக ஊற்றிக்கொண்டு வந்தால் ராத்திரி தூங்குவார், இல்லாவிட்டால் உட்கார்ந்தபடியே இருமிக்கொண்டிருப்பார். அதனால் பஸ் வருகிற நேரம் பார்த்து அம்மா பாய்லரை அடுப்பில் ஏற்றிவிடுவாள். என் கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அப்பாவே ஏற்றிக்கொண்டார்.

சுனாமி வந்த மறு வருஷம் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாயே இல்லாத வீட்டில் யார் பார்ப்பது? செம்மண்டலத்திலேயே வைத்து என் மாமியார்தான் பார்த்தார்கள். நான் அவர்களை அத்தை என்று கூப்பிடுவேன். அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் வேளாவேளைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் அல்லவா? ஒரு நாள் தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து, கூடவே பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து இறக்கினார்.

"சம்பந்தியம்மா, இது பொண்ணுக்குத் தாய்வீட்டு சீரு. எங்க வீட்ல செய்ய வேண்டியத நீங்க செய்றீங்க. இதயாச்சும் நான் செய்றேன்."

"அப்ப உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கிட்டேன், போ" என்றார். நான் நம்பினேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது, அதனால் அவருக்குச் சொல்லவே வராது என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தபோது வண்டவாளம் வெளியே வந்தது. விடிகாலையில் பாத்ரூமிலிருந்து இருமல் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பச்சைத்தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறார். அடுக்களையில் சின்ன அடுப்பு, அதன் மேல் டீ போடுகிற பாத்திரம். புது பாய்லரும் இல்லை, பழைய பாய்லரும் இல்லை.

"குண்டான்லயாவது சுட வச்சிக்கக் கூடாதாப்பா?"

"தூக்கணுமே" என்று வலது கையைக் காட்டினார். பஸ் ஸ்டாண்டு கிட்ட சைக்கிளோடு விழுந்ததில் அந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஒரு தடவை குண்டானைத் தூக்கிக் காலில் கொட்டிக்கொண்டாராம். அதையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "பச்சத்தண்ணிதான் ஒடம்புக்கு நல்லது. சுடுதண்ணில குளிச்சா சோம்பேறித்தனம் ஜாஸ்தியாவுது" என்று ஒரு வியாக்கியானம் வேறு.

"நான் பாய்லரத் திருப்பி அனுப்புறேன்" என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"பைத்தியமா ஒனக்கு? சீருன்னு சொல்லிக் குடுத்தத எவனாவது திருப்பி வாங்குவானா? அவுங்க என்னா நெனப்பாங்க? பொண்ணு வீட்லேர்ந்து ஒரு துரும்ப எடுத்தாந்தேன்னு பேர் வரக் கூடாது எனக்கு."

சரி, புதிதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடலூரிலேயே ஒரு அலுமினியப் பாய்லரை வாங்கி, பெட்டி பிரிக்காமல் கொண்டுபோய் மாமனாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் நிம்மதியாக இருந்தேன். குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் மாமன் சீரையும் அப்பாதான் கொண்டுவந்தார். வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. அதே பெட்டி. கடைக்காரர் ஒட்டிய டேப்கூடப் பிரிந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வாழைமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை விவரம் தெரியாமல், "சம்பந்திக்கு எவ்ளோ தாராளமான கை" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அந்தப் பாய்லரைப் பிறகு நாத்தனார் கேட்டு எடுத்துக்கொண்டுபோனாள்.

இதற்கிடையில் எங்கள் வீட்டு பாத்ரூமில் கரண்ட் ஹீட்டர் மாட்டினோம். செம்புப் பாய்லருக்கு வேலை போய்விட்டது. இதுதான் சமயம் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தே, இது சும்மாதான கெடக்குது. எங்கப்பா வீட்ல..."

அத்தை என்னை முடிக்க விடவில்லை. "அது தாய்வீட்டு சீராச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சாக்கில் போட்டு, என் வீட்டுக்காரரை விட்டுப் பரணில் ஏற்றச் சொன்னார்கள். சீரைத் திருப்பி அனுப்பினால் உறவையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். இவர்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இருந்தாலும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மறு வருஷம் குளிர் ஆரம்பித்தபோது ஒரு தந்திரம் செய்தேன். பரண் சுத்தம் செய்கிற சாக்கில் பாய்லரை இறக்கி, திருகு குழாயை நானே தளர்த்திவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "அத்தே, சிதம்பரத்துல எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச பாத்திரக்கடக்காரர் இருக்காரு. குடுத்தனுப்புனா சரி பண்ணி வைப்பாரு" என்றேன். ரிப்பேருக்குப் போகிற சாமானைத் திருப்பி அனுப்பியதாக யாரும் சொல்ல முடியாது அல்லவா? அத்தையும், "ஆமாமா, அனுப்பு" என்றார்கள். ரிப்பேர் செய்ய ஆகிற நாளும், வாங்கி வர ஆகிற நாளுமாகப் பங்குனி வரைக்கும் அங்கேயே இழுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அப்பா வாசலில் நின்றார். இடது தோளில் சாக்கு, சட்டையெல்லாம் வியர்வை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் அதை மடியில் வைக்கவும் முடியாமல் நின்றே வந்திருக்கிறார். பாய்லர் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சமையல்கட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "யாருப்பா உங்கள இவ்ளோ சீக்கிரம் கொண்டாரச் சொன்னா?"

"சாமான் இல்லாம சம்பந்தியம்மா கஷ்டப்படுவாங்கல்ல?"

"கஷ்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளாவது அதுல குளிச்சீங்களா?"

"ஒழுவுதான்னு பாக்கணுமேன்னு ஒரு தடவ தண்ணி ஊத்திச் சுட வச்சேன்."

"குளிச்சீங்களா?"

"சுட்ட தண்ணிய யாராவது கீழ ஊத்துவாங்களா?" என்று சிரித்தார். சிரிக்கும்போதே இருமினார். அந்தக் குளியலைப் பற்றி அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற வரைக்கும் நல்ல கலகலப்பாக இருந்தார். பாய்லர் மறுபடி பரணுக்குப் போயிற்று.

அதன் பிறகு நான் செய்து பார்த்ததெல்லாம் சில்லறை வேலைதான். வாளியில் போடுகிற ஹீட்டர் கம்பி வாங்கிக் கொடுத்தேன். ஷாக் அடிக்கும் என்று பயந்து ஆணியில் மாட்டி வைத்தார். பயம் தெளிந்தபோது கரண்ட் போக ஆரம்பித்துவிட்டது. காலையில் அவர் குளிக்கிற நேரத்தில் கரண்ட் இருக்காது, இருக்கும்போது அவர் குளித்து முடித்திருப்பார். "எங்ககூட வந்து இருந்துடுங்கப்பா" என்று கெஞ்சினேன். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குத் தனக்குக் கை கால் விழுந்துவிடவில்லை என்றார்.

புயல் அடித்துக் கடலூரே சாய்ந்து கிடந்த அந்தத் தை மாதத்தில், எங்கள் தெருவில் நெடுநாள் கரண்ட் வரவில்லை. ஹீட்டர் சுவரில் சும்மா தொங்கியது. அப்போதுகூட அத்தைக்குக் குண்டானில்தான் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தோம். பரணிலிருந்து சாக்கை இறக்கிப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாய்லரால் அப்பாவுக்கும் பிரயோஜனமில்லை, எங்களுக்கும் பிரயோஜனமில்லை.

மாசியில் அப்பா போய்விட்டார். சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திரும்ப வரவில்லை. பச்சைத்தண்ணீரால்தான் இப்படி ஆயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன். "வருஷக்கணக்கா மில்லு தூசு தின்ன நெஞ்சும்மா. தண்ணி என்னா பண்ணும்?" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையைத்தான் சொன்னாரோ. உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் சாவைவிட அவர் இருமிக்கொண்டு குளித்த காலைகள்தான் என்னை அதிகம் படுத்துகின்றன. சாவைத் தடுக்க என்னால் முடிந்திருக்காது. ஒரு வாளி சுடுதண்ணீர் முடிந்திருக்கும்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, வீட்டைக் காலி செய்வதற்காக நானும் அத்தையும் சிதம்பரத்திலேயே தங்கியிருந்தோம். நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். முகம் கழுவப் போன அத்தை பாத்ரூம் வாசலில் நின்று கேட்டார்கள்.

"சுடுதண்ணிக்கு என்னா பண்ணாரு உங்கப்பா? ஒண்ணுத்தையும் காணுமே."

"பச்சத்தண்ணிதான் அத்தே. பாய்லர நம்ம வீட்டுக்குக் குடுத்ததுலேர்ந்து."

"அந்த நெஞ்ச வச்சிகிட்டா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிதாக வாங்கினேன் என்று அவர் சொன்ன பொய், காதுகுத்துப் பெட்டி, நான் தளர்த்திவிட்ட குழாய் எல்லாம். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்ல வந்தேன் அத்தே. நீங்கதான் அது தாய்வீட்டு சீருன்னீங்க."

"சீருன்னு சொன்னேன். குடுக்கக் கூடாதுன்னு சொன்னனா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "எங்க பக்கம் அந்த மாதிரி எந்த சாங்கியமும் கெடையாது. எங்கம்மா எனக்குக் குடுத்த அண்டாவ நானே எடுத்தும்போயி எந்தம்பிகிட்ட குடுத்துருக்கேன். நீ தாயில்லாத பொண்ணு. ஒனக்குன்னு வந்த ஒரு சாமான நானே பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டேன்னா, எம்மாமியா எங்கப்பா சீர மதிக்கலன்னு நீ அழுவியேன்னு பயந்தேன். ஒங்கப்பா வேற வாய்க்கு வாய் சீரு சீருன்னுவாரு. உங்க பக்கத்துலதான் இதெல்லாம் ரொம்பப் பாப்பாங்கன்னு நெனச்சேன்."

நான் மடித்துக்கொண்டிருந்த வேட்டியைக் கீழே வைத்தேன். அப்பா இவர்கள் மனசு நோகக் கூடாது என்று கேட்கவில்லை. இவர்கள் என் மனசு நோகக் கூடாது என்று கொடுக்கவில்லை. நான் இரண்டு பேரின் மானத்தையும் காப்பாற்றுவதாக நினைத்துத் திருகு குழாயோடு விளையாடிக்கொண்டிருந்தேன். மூன்று பேரில் யாருக்காவது கொஞ்சம் மரியாதை குறைவாக இருந்திருந்தால் அப்பா சுடுதண்ணீரில் குளித்திருப்பார்.

அத்தை சுவரைப் பிடித்து எழுந்து மறுபடி பாத்ரூமுக்குப் போனார்கள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது முகம் கழுவவில்லை, கையை மட்டும் தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எவ்ளோ சில்லுனு இருக்குது பாரேன்" என்றார்கள். கையை எடுக்கவே இல்லை. நான்தான் குழாயை மூடினேன்.