மேல கொஞ்சம் வெட்டிடுங்க, பாய்

முதலியார்பேட்டையில் கண்ணையன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். மழைக்காரன் என்று கேட்டுப் பாருங்கள், தெருவே ஒரே வீட்டைக் கை காட்டும். வருஷமெல்லாம் ஆலையில் தறி ஓட்டுகிற மனுஷன், ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், ஷிப்ட் முடிந்த கையோடு பெட்டிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பைத்தியம் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா?

கேமரா அவனுடையது அல்ல. எதிர்வீட்டு இராமதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய்; இங்கே சொல்தா என்பார்கள். அவர் கொண்டுவந்தது. ஒருநாள் கண்ணையனின் மகள் சின்னப்பாப்பாவை வாசலில் நிற்கவைத்து அவர் படம் பிடிக்கப் போக, கண்ணையனின் மனைவி தனக்கொடி அலறிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"பச்சப் புள்ளய படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிடும் மாமா! வேணாம்!"

அவளை மட்டும் என்ன சொல்வது, அன்றைக்குப் பாதி ஊர் அப்படித்தான் நம்பியது. அது எழுபத்திரண்டாம் வருஷம். அந்த ஐப்பசி அடைமழையிலேயே காய்ச்சல் கண்டு பாப்பா போய்விட்டாள். படம் பிடிக்காமலே ஆயுசு குறைந்துபோயிற்று. நாலு வயசுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

தனக்கொடி அழுது தீர்த்தாள். கண்ணையனுக்கு அழுகையும் வரவில்லை, அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. மறுவருஷம் மழை பிடித்துக்கொண்டதும் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்குப் போய், "மாமா, அந்தப் பொட்டியக் குடுங்க, எதையாவது புடிக்கிறேன்" என்றான். இராமதாஸ் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கடற்கரைச் சாலையில் ஒரு போலீஸ்காரரைத் தவிர ஈ காக்கை இல்லை. குனிந்து, பெட்டியின் மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தான். நனைந்த மதில், மின்னுகிற கல்தரை, தொப்பி சொட்டச் சொட்ட நிற்கும் போலீஸ்காரர். எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் அடங்கி, சத்தமில்லாமல் இருந்தன. காதில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த தறிகூட நின்றுவிட்டது. அடேயப்பா, என்ன அழகு என்று நினைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு அழகு ஒரு கேடா என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கிடந்தது அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. மறுநாளும் போனான்.

தனக்கொடிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. மூன்றாவது மழையில் அவன் தொப்பலாக நனைந்து, கேமராவைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்தவள், மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

"நீ நனைஞ்சா போவுது. பொட்டி நனையலாமாய்யா?"

அப்புறம் எந்த மழையிலும் அவர்கள் இரண்டு பேராகத்தான் போனார்கள். அவளோ குள்ளம். எக்கி எக்கிப் பிடித்தாலும் குடை சரிந்து கேமராவுக்கு முன்னால் வந்துவிடும். கடற்காற்றில் குடை மடங்காமலிருக்க விளிம்பை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பாதிப் படத்தில் மேல்பக்கம் குடையின் கறுப்பும், அதைப் பற்றிய நாலு விரலும், கண்ணாடி வளையலும் மங்கலாக விழுந்துவிடும்.

"வந்துட்டியா மறுபடியும்? குடையத் தூக்குடின்னா கேக்கறியா?"

"நான் எங்கய்யா வந்தேன்? என் வெரலுதான வந்துச்சு!" என்று சிரிப்பாள். பிள்ளை போனபிறகு அவள் சிரித்ததெல்லாம் அந்தக் குடைக்குக் கீழேதான்.

காந்தி வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த அப்துல் கையூம்தான் படங்களைக் கழுவிக் கொடுப்பார். நெகட்டிவைப் பார்த்ததுமே கண்ணையன் சொல்லிவிடுவான்: "மேல கொஞ்சம் வெட்டிடுங்க, பாய்." அவரும் மேலே வெட்டிவிட்டு மழையை மட்டும் அச்சுப் போட்டுக் கொடுப்பார்.

ஒருதரம், "நில்லு தனம், ஒன்ன ஒரு படம் புடிக்கிறேன்" என்று கேமராவை அவள் பக்கம் திருப்பினான்.

"எம் பாப்பாவுக்கே இல்ல. எனக்கு எதுக்குய்யா?" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவன் கேட்டதே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை ஓயும் நேரம் தனக்கொடிக்கு மஞ்சள்காமாலை. பார்க்காத வைத்தியமில்லை. மார்கழி பிறக்குமுன் அவளும் போய்விட்டாள்.

கருமாதிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே! கண்ணையனின் அக்கா ஆதிலட்சுமி பெட்டியெல்லாம் குடைந்து பார்த்தாள். வாய்க்கால், தென்னை, கடல், கல்தரை. எங்கேயும் தனக்கொடி இல்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா, ஊர் மழையெல்லாம் புடிச்சியே, கட்டினவள ஒரு படம் புடிச்சியாடா பாவி?"

பிள்ளைக்கும் இல்லை, இவளுக்கும் இல்லை. கண்ணையன் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே காந்தி வீதிக்கு நடந்தான். வெளியே நசநசவென்று தூறல். குடை எடுக்கத் தோன்றவில்லை.

"பாய், பழைய நெகட்டிவ் இருக்குதா?"

"இருக்கு. எது வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரி. வெட்டாம போட்டுக் குடுங்க."

கையூம் அவன் முகத்தைப் பார்த்தார். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, அவள் விரல்கள் கூடுதலாகத் தெரிகிற ஒன்றைத் தேடி எடுத்தார். அச்சுப் போட்டுச் சட்டமும் அவரே மாட்டிக் கொடுத்தார்.

கருமாதியன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள். கீழே மழையில் கடற்கரைச் சாலை, மேலே குடை விளிம்பில் நாலு விரல். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமங்கலியாகப் போனவள், படத்துக்குக் குங்குமம் வைக்க வேண்டும். ஆதிலட்சுமி விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தவள், நெற்றியைத் தேடி அப்படியே நின்றுவிட்டாள்.

"பொட்டு எங்கடா வெக்கிறது, கண்ணையா?"

அவன் எழுந்து வந்து, கண்ணாடிமேல் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த வெரல்ல வை அக்கா. குடையப் புடிச்சிப் புடிச்சி இதான் எப்பவும் ஈரமா இருக்கும்."