சேனைக்குக் காத்திருக்காத பிள்ளை

எனக்குப் பால் இல்லை என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமா, வீடே நம்பியது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பேக்கிங் மேசையில் என் பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடத் தெரியும். மூத்தவள் பவுடர் பாலில்தான் வளர்ந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள், ஓடுகிறாள், என்னையே எதிர்த்துப் பேசுகிறாள். ஆனாலும் பால் டின்னைத் திறக்கும்போதெல்லாம் என் உடம்பின் மேல் எனக்கு ஆத்திரம் வரும். மாடு கறக்கிறது, ஆடு கறக்கிறது, எனக்கு மட்டும் என்ன கேடு என்று தோன்றும்.

அவள் பிறந்தபோது நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து ஊர்களில் பிறந்த பிள்ளைக்கு முதலில் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு பிள்ளையின் நாக்கில் வைக்க வேண்டும். அவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். யாராவது வெடுக்கென்று பேசினால், "யாருடி உனக்குச் சேனை வச்சது?" என்று கேட்பார்கள். நான் அதிகம் கேட்ட கேள்வி அது.

மூத்தவளுக்குச் சேனை வைக்கக் கடலூரிலிருந்து என் மாமா வர வேண்டியிருந்தது. பிள்ளை காலையில் பிறந்தது, மாமா சாயங்காலம் வந்தார். அதுவரை வாயில் ஒரு சொட்டு படவில்லை. பிறகு எனக்கு வந்த மஞ்சள் பாலைப் பார்த்து, சீம்பால், பிள்ளைக்குச் செரிக்காது என்று பீச்சிக் குளியலறையில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். மூன்றாம் நாள் அவளை மாரில் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் அவளுக்குப் பாட்டில் பழகிவிட்டது.

இரண்டாவது முறை மாசமாக இருந்தபோது அங்கன்வாடி டீச்சரிடம், எனக்குப் பால் வராது, டின் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த அம்மா, "மொதப் பிள்ளைய எப்பம்மா மார்ல போட்ட?" என்றார். மூன்றாம் நாள் என்றேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பால் இல்லாம இல்ல. பிள்ள சப்புனாதானே உடம்புக்குத் தெரியும், பால் வேணும்னு. இந்தத் தடவ பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுடு."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவருடைய அக்காள் ஆட்டவில்லை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறவர், பிரசவம் என்றால் கூட இருந்து பார்ப்பவர், என் மேல் பிரியம் உள்ளவர். ஆனால் சேனை விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விட மாட்டார். இந்தத் தடவை சொல்தா பெரியப்பாவைக் கூப்பிடுவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். பெரியப்பா குருசுக்குப்பத்தில் இருக்கிறார், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர்.

டவுன் ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குப் பையன் பிறந்தான். நர்ஸ் அவனைத் துடைத்து என் நெஞ்சில் படுக்க வைத்தார். அவன் ஈரமாக, சூடாக இருந்தான். அப்புறம் எனக்குத் தையல் போட வேண்டும் என்று அவனைத் தூக்கிப் போய், வெளியே இருந்த அண்ணியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என்னை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மணி எட்டே முக்கால். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் பெரியப்பாவை அழைத்துவர வண்டியில் போயிருந்தார். பெரியப்பா வீட்டில் இல்லை. தான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்கு வருஷா வருஷம் ஒரு தாள் காட்ட வேண்டும், அதில் கையெழுத்து வாங்க அன்றைக்கென்று பார்த்துப் போயிருந்தார்.

பிள்ளை வாயைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. துணியின் ஓரத்தைச் சப்பியது.

"அண்ணி, குடுங்க. அதுக்குப் பசிக்குது."

"பத்து நிமிஷம் பொறும்மா. வந்துகிட்டே இருக்காராம். மொத ருசி நல்ல கையால போவட்டும். உன்னாட்டம் வெடுக்குன்னு பேசுற பிள்ளையா வேணும்?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு ஐம்பது ஆனது. எட்டு ஐம்பத்தைந்து ஆனது. பிள்ளை தேடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடப் பார்த்தது. இப்படியே விட்டால் இவனும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், மறுபடியும் டின், மறுபடியும் நாலு வருஷம் என்று நினைத்தேன்.

இறங்கினேன். தையல் சுருக்கென்றது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, அண்ணி மடியிலிருந்து பிள்ளையை எடுத்தேன். பிடுங்கினேன் என்றுதான் அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். சரி, பிடுங்கினேன்.

எடுத்துவிட்டால் போதுமா? மாரில் வைத்தால் அவன் நுனியை மட்டும் கவ்விவிட்டு வழுக்கி விட்டுவிடுகிறான். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் அழுகை. நானும் அழுதேன். நமக்கு உண்மையிலேயே இல்லைதான் போலிருக்கிறது என்று மனசு விட்டுப்போயிற்று.

சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் வந்தார். கனகசெட்டிக்குளத்துக்காரர், கடலோரத்துக் குரல், வார்டு முழுக்கக் கேட்கும்.

"ஏம்மா, நீ ஏன் குனியுற? பிள்ளயத் தூக்கி உங்கிட்ட கொண்டா. மூக்கு காம்புக்கு நேரா இருக்கட்டும். வாய நல்லாத் தொறக்குற வரைக்கும் இரு. இப்ப போடு."

போட்டேன். கறுப்பு வட்டம் முக்கால்வாசி அவன் வாய்க்குள் போனது. தாடை அசைந்தது. வலித்தது, வெடுக்கென்று இழுத்தது, அப்புறம் ஒரே சீராக இழுக்க ஆரம்பித்தான். வாயோரத்தில் கெட்டியாக மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது.

அண்ணி எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், அது சீம்பாலு. பிள்ளைக்கு ஆவாது."

"மாட்டுச் சீம்பால் கெடச்சா வெல்லம் போட்டு அவிச்சு, அக்கம்பக்கத்துக்கும் குடுத்துத் தின்னுவீங்க. சொந்தப் பிள்ளைக்கு வர்ற சீம்பால மட்டும் சாக்கடைல ஊத்துவீங்களா? நல்லா இருக்குக்கா உங்க ஞாயம்."

வார்டே சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பெரியப்பா ஒன்பதரைக்கு வந்தார். நான் பால் கொடுப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அவரிடம் போய், எல்லாம் போச்சு பெரியப்பா, இவ அவசரப்பட்டுட்டா என்றார்.

"பா கிராவ்," என்றார் அவர். பரவாயில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். "நான் உசுரோட இருக்கேன்னு காட்டக் காலையிலேர்ந்து கியூவுல நின்னேன். பொறந்த பிள்ளையுமா நிக்கணும்?" என்று அந்தச் சர்க்கரைத் தண்ணீரை வாங்கித் தானே குடித்துவிட்டார். உங்களுக்கு சுகர் இருக்குது பெரியப்பா என்று அண்ணி பதறினார்.

அன்றைக்கு முழுக்க அண்ணி என்னோடு பேசவில்லை. மறுநாளும் அளந்துதான் பேசினார். நான் பிள்ளை கேட்ட போதெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் மார் கல்லாக இறுகியது, பிள்ளை ஒரு பக்கம் குடிக்க மறு பக்கம் நைட்டி தெப்பலாக நனைந்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், "அண்ணி, பாருங்க" என்றேன்.

அண்ணி கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நனைந்த துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் இப்பிடித்தான் நனைஞ்சுது. ரெண்டு பிள்ளைக்கும். பிள்ளதான் பாட்டில்ல குடிக்குதே, துணிய இறுக்கிக் கட்டு, தானா வத்திடும்னாங்க. கட்டிக்கிட்டேன். அப்புறம் அவங்களே எனக்குப் பால் இல்லன்னாங்க." பால் வழிந்த பிள்ளையின் வாயோரத்தை விரலால் துடைத்தார். "அப்ப எனக்கும் இருந்துச்சாடி?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருந்துச்சு அண்ணி. நெறைய இருந்துச்சு."

அவர் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிள்ளையின் தலைக்குக் கீழே என் கையைச் சரியாக வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"என் பொண்ணுக்கு மாசியில பிரசவ நாளு. நீ லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல இரு. பழக்கதோஷத்துல நானே யாருக்காவது காத்திருன்னு சொன்னாலும் கேக்காத. எங்கிட்டேர்ந்து பிள்ளைய வாங்கி அவ மார்ல போட்டுடு."