நட்சத்திர அட்டவணையும் நாற்பது ஈய எழுத்தும்

சீனி முகம்மது நானா காப்பிக் கடையில் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துத்தான் படிப்பார். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். அச்சகத்தில் ஈய எழுத்தைத் தலைகீழாகக் கோத்துப் பழகிய கண்.

1934இல், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற கர்வத்தோடு, சூலியா தெருவில் அவர் வேலை பார்த்த தமிழ் அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தேன். மாலுமிகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு துரை நட்சத்திர அட்டவணை அடிக்கக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கைக்கு வராவிட்டால் நானாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி கமாலுதீன் சொல்லிவிட்டார்.

துரை சுருக்கி எழுதியிருந்த பெயர்களை நானா 'ஆல்பா ஸ்கார்ப்பியஸ்' என்று விரித்துக் கோத்தார். நான் பக்கம் முழுக்கச் சிவப்பு மை தீட்டினேன்.

"ஏன் தம்பி, விருச்சிகம்னா விருச்சிகந்தானே?"

"விருச்சிகத்தின் முதல் நட்சத்திரம் நானா. லத்தீன்ல 'உடைய'ன்னு அர்த்தம் வந்தா பேரு 'ஸ்கார்ப்பியை'ன்னு மாறும். அக்வாரியஸ், 'அக்வாரியை' ஆகும்."

"மாறட்டும். ஒவ்வொண்ணும் இங்கிலீஷ் 'ஐ' ஒண்ணு கூடக் கேக்குதுலா! இருந்த 'ஐ' எல்லாம் தீந்துபோச்சு. உங்க காலேஜ்ல வார்த்துக் குடுப்பாங்களா?"

துண்டை உதறிக்கொண்டு, அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருந்த நல்லமுத்துவிடம் போய் நாற்பது 'ஐ' இரவல் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை துரை தாளின் தடிப்பைத் தடவிப் பார்த்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அந்தச் சிவப்பு மை யாருக்காக என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நானாவின் வேலை தப்பியது. ஆனால் அச்சு முடிந்து எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போடும்போது, கைப்பழக்கத்தில் இரவல் 'ஐ'களையும் எங்கள் பெட்டியிலேயே போட்டுவிட்டார். பிறகு சாப்பாட்டு வேளையில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரவல் எழுத்தில் பதினொன்றைப் பிரித்து வைத்தார். அதற்குள் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் போய்விட்டார்.

நல்லமுத்து வந்தார். "எழுத்து எங்க தம்பி?"

"நானா மவுத்தாயிட்டாரேண்ணே."

"அவரு மவுத்தானா எழுத்துமா மவுத்தாகும்?"

நானா பிரித்து வைத்த பதினொன்றோடு பெட்டியிலிருந்து இருபத்தொன்பதை எண்ணிச் சேர்த்து நாற்பதாகக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததையெல்லாம் மேசையில் தள்ளினார். "இதுல ஒங்களுது கலந்திருக்கு. என் எழுத்தோட சேத்தா குட்டையா நிக்கும். ஒரு வேலைக்கும் ஆகாது."

நானும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நானாவின் பதினொன்றை மட்டும் நல்லமுத்து எடுத்துப் போனார். அவருடைய மீதி இருபத்தொன்பது இன்னும் எங்கள் பெட்டியில்தான் கிடக்கிறது.